கருப்பைக்கு வெளியே கர்ப்பம்: காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை

உடனடிக் கவனத்திற்கு

மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கோ, கர்ப்பம் எனப் பரிசோதனையில் உறுதியான பெண்ணுக்கோ கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

• திடீரென ஏற்படும் கடுமையான அடிவயிற்று வலி
• மயக்கம், கண் இருட்டுதல், எழுந்து நிற்க இயலாமை
• வயிற்று வலியுடன் சேர்ந்து தோள்பட்டை நுனியில் வலி
• உடல் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, நாடித்துடிப்பு மிக விரைவாதல்

இவை வயிற்றுக்குள் இரத்தம் கசிவதைக் குறிக்கக்கூடும். வெளியே இரத்தப்போக்கு குறைவாக இருப்பதாலோ, அறவே இல்லாததாலோ ஆபத்து இல்லை என்று கருதிவிடக் கூடாது.

கருப்பைக்கு வெளியே கர்ப்பம் என்றால் என்ன?

சினைப்பையிலிருந்து வெளிவரும் சினைமுட்டை கருக்குழாய்க்குள் நுழைகிறது. விந்தணுவுடன் அது இணைந்து கருவாவது பெரும்பாலும் இக்குழாய்க்குள்தான். அவ்வாறு உருவான கரு, குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிழைகளின் அசைவாலும் குழாய்த் தசைகளின் சுருக்கத்தாலும் மெல்ல நகர்த்தப்பட்டு, ஏறத்தாழ 3 முதல் 4 நாட்களில் கருப்பையை அடைகிறது. அதன்பின் சில நாட்களில் கருப்பையின் உட்சுவரில் பதிந்து வளரத் தொடங்குகிறது.

இப்பயணம் தடைப்பட்டு, கருப்பையின் உட்குழியைத் தவிர வேறோர் இடத்தில் கரு பதிந்துவிடுவதே கருப்பைக்கு வெளியே கர்ப்பம் எனப்படுகிறது. இடம் மாறிய கர்ப்பம் என்றும் இதனைக் கூறுவர். ஏறத்தாழ 100 கர்ப்பங்களில் 1 அல்லது 2 இவ்வாறு அமைகின்றன. இவற்றுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை கருக்குழாயிலேயே நிகழ்வதால், குழாய்க் கர்ப்பம் என்னும் பெயரும் வழக்கில் உள்ளது. அரிதாகச் சினைப்பை, கருப்பை வாய், முந்தைய சிசேரியன் தழும்பு, வயிற்றறை ஆகிய இடங்களிலும் கரு பதிவதுண்டு.

கருப்பை, வளரும் குழந்தைக்கு ஏற்ப விரியும் தன்மை கொண்ட தடித்த தசையாலான உறுப்பு. கருக்குழாயோ மெல்லிய சுவர் கொண்ட குறுகிய குழாய். அது கருவின் வளர்ச்சிக்கு இடங்கொடுக்க இயலாது. கரு வளர வளர, நஞ்சுக்கொடியாக மாறவேண்டிய திசு குழாயின் சுவரை ஊடுருவி இரத்த நாளங்களை அரிக்கிறது. உரிய காலத்தில் கண்டறியப்படாவிட்டால் குழாய் வெடித்து, வயிற்றறைக்குள் பெருமளவில் இரத்தம் கசியும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாயின் உயிருக்கு நேரும் முதன்மையான ஆபத்துகளுள் இதுவும் ஒன்றாகும்.

இடம் மாறிய கருவை எடுத்துக் கருப்பைக்குள் வைக்க இயலுமா என்று பலர் கேட்கின்றனர். அத்தகைய மருத்துவ முறை எதுவும் இன்று இல்லை. குழாயில் பதிந்த கரு குழந்தையாக வளர்வதற்கு வாய்ப்பில்லை. எனவே சிகிச்சையின் நோக்கம் தாயின் உயிரைக் காப்பதும், இயன்றவரை எதிர்காலத்தில் கருத்தரிக்கும் திறனைப் பேணுவதும் ஆகும்.

காரணங்கள்

கரு கருக்குழாயிலேயே தங்கிவிடுவதற்கு, குழாயின் உட்பகுதி சேதமடைந்தோ சுருங்கியோ இருப்பதும், கருவை நகர்த்தும் நுண்ணிழைகளின் இயக்கம் குறைந்திருப்பதும் முதன்மையான காரணங்களாகும். பின்வரும் நிலைகளில் இதற்கான வாய்ப்பு கூடுதலாக உள்ளது.

1. முன்னர் ஏற்பட்ட குழாய்க் கர்ப்பம்
ஒருமுறை குழாய்க் கர்ப்பம் ஏற்பட்ட பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது நேரக்கூடும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஏற்பட்டிருப்பின் இந்த வாய்ப்பு மேலும் உயர்கிறது.

2. இடுப்புக்குழித் தொற்று
கிளமீடியா, கொனோரியா போன்ற பாலுறவு வழித் தொற்றுகள் கருக்குழாய் வரை பரவி அழற்சியை உண்டாக்கும். தொற்று நீங்கிய பின்னரும் குழாயின் உட்புறத்தில் தழும்புகளும் ஒட்டுதல்களும் எஞ்சியிருக்கலாம். கிளமீடியா தொற்று பல பெண்களில் எவ்வித அறிகுறியுமின்றி இருப்பதால், தொற்று வந்து சென்றதையே அவர்கள் அறிவதில்லை. பிரசவத்திற்குப் பின்னரோ, பாதுகாப்பற்ற முறையில் செய்யப்பட்ட கருக்கலைப்பிற்குப் பின்னரோ ஏற்படும் தொற்றும் இத்தகைய சேதத்தை விளைவிக்கும்.

3. பிறப்புறுப்புக் காசநோய்
காசநோய் நுரையீரலை மட்டுமன்றிக் கருக்குழாய்களையும் தாக்கக்கூடியது. காசநோய் மிகுதியாகக் காணப்படும் நம் நாட்டில், குழந்தையின்மைக்கும் குழாய்ச் சேதத்திற்கும் இது குறிப்பிடத்தக்க ஒரு காரணமாகும்.

4. முந்தைய அறுவை சிகிச்சைகள்
கருக்குழாயில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை வாய்ப்பைக் கூட்டுகிறது. வெடித்த குடல்வால் போன்றவற்றால் அடிவயிற்றில் ஏற்பட்ட சீழும் ஒட்டுதல்களும் குழாயின் அமைப்பை மாற்றிவிடலாம்.

5. குடும்பநல அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் கர்ப்பம்
கருக்குழாயை முடிச்சிட்டோ துண்டித்தோ செய்யப்படும் குடும்பநல அறுவை சிகிச்சை மிகவும் நம்பகமானது. அதன்பின் கர்ப்பம் உண்டாவது அரிது. எனினும், அவ்வாறு உண்டாகும் கர்ப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே அமையக்கூடும். அறுவை சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இது நேரலாம். தமிழ்நாட்டில் குழந்தைப்பேற்றுக்குப் பின் இவ்வறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் பெருந்தொகையினர். “எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டது, இது கர்ப்பமாக இருக்காது” என்று எண்ணி அடிவயிற்று வலியையும் தள்ளிப்போன மாதவிலக்கையும் பொருட்படுத்தாமல் விடுவதே இவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து. மாதவிலக்குத் தள்ளிப்போனால் இவர்களும் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

6. காப்பர்-டி பொருத்தியிருக்கும்போது ஏற்படும் கர்ப்பம்
காப்பர்-டி கர்ப்பத்தையே தடுப்பதால், எந்தக் கருத்தடை முறையையும் பின்பற்றாத பெண்ணைவிட அதைப் பொருத்தியிருக்கும் பெண்ணுக்கு இடம் மாறிய கர்ப்பம் ஏற்படும் வாய்ப்பு குறைவு. ஆயினும் அது தவறி அரிதாகக் கர்ப்பம் உண்டானால், அக்கர்ப்பம் கருப்பைக்கு வெளியே இருக்கிறதா என்பதை உடனே பார்க்க வேண்டும்.

7. குழந்தையின்மையும் அதற்கான சிகிச்சையும்
நெடுநாள் குழந்தையின்மைக்குக் குழாய்ச் சேதமே காரணமாக இருக்கலாம். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முறையில் கருவைக் கருப்பைக்குள்ளேயே வைத்தாலும், அது குழாய்க்குள் நகர்ந்து பதிவது உண்டு. மிக அரிதாக, கருப்பைக்குள் ஒரு கருவும் குழாயில் மற்றொரு கருவும் ஒரே நேரத்தில் வளர்வதும் இச்சிகிச்சை பெறுவோரிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது.

8. புகைபிடித்தலும் வயதும்
புகையிலைப் புகை கருக்குழாயின் நுண்ணிழைகளின் இயக்கத்தைப் பாதிக்கிறது. 35 வயதைக் கடந்த பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

காரணம் தெரியாத நிலை

இடம் மாறிய கர்ப்பம் ஏற்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மேற்கூறிய எந்தக் காரணமும் காணப்படுவதில்லை. ஆகவே “எனக்கு அந்த ஆபத்துக் காரணிகள் எவையும் இல்லை” என்பதைக் கொண்டு அறிகுறிகளை ஒதுக்கிவிடக் கூடாது. தாம்பத்திய உறவு கொள்ளும், கருத்தரிக்கும் வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் இது நேரலாம்.

பப்பாளி, அன்னாசி, எள் போன்றவற்றை உண்டதாலோ, பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் பயணம் செய்ததாலோ, தண்ணீர்க்குடம் தூக்கியதாலோ, வீட்டு வேலை செய்ததாலோ இடம் மாறிய கர்ப்பம் ஏற்படுவதில்லை. கரு குழாயில் பதிவது, பெரும்பாலும் அப்பெண் தான் கருவுற்றிருப்பதை அறிவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. இதற்காக அவர் தம்மைக் குறைகூறிக்கொள்வதற்கோ, குடும்பத்தினர் அவரைக் குறைகூறுவதற்கோ அடிப்படை ஏதுமில்லை.

அறிகுறிகள்

தொடக்கத்தில் இடம் மாறிய கர்ப்பம் மற்றெந்தக் கர்ப்பத்தையும் போலவே இருக்கும். மாதவிலக்குத் தள்ளிப்போகும். குமட்டல், மார்பகங்களில் கனம், சோர்வு ஆகியவை தோன்றலாம். சிறுநீரில் செய்யும் கர்ப்பப் பரிசோதனையும் இரண்டு கோடுகளைக் காட்டும். இப்பரிசோதனை கர்ப்பம் இருக்கிறதா என்பதை மட்டுமே கூறும். கரு எங்கே இருக்கிறது என்பதை அது கூறாது. ஆகையால் இரண்டு கோடுகள் தெரிந்த பின்னரும், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பது ஸ்கேன் மூலம் உறுதியாகும்வரை கீழ்க்காணும் அறிகுறிகளைக் கவனித்துவர வேண்டும்.

தொடக்க நிலை அறிகுறிகள்

பெரும்பாலும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 6 முதல் 8 வாரங்களுக்குள் இவை தோன்றுகின்றன. சிலருக்கு முன்பாகவோ தாமதமாகவோ தோன்றலாம்.

• அடிவயிற்று வலி: ஒரு பக்கத்தில் தொடங்குவது வழக்கம். குத்துவது போன்றோ, மாதவிலக்கு வலி போன்றோ இருக்கலாம். விட்டுவிட்டும் வரலாம்.
• பிறப்புறுப்பிலிருந்து இரத்தக்கசிவு: வழக்கமான மாதவிலக்கைவிடக் குறைவாகவும், கரும்பழுப்பு நிறத்திலும், நீர்த்தும், விட்டுவிட்டும் காணப்படும்.
• மலங்கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் வலி, அல்லது மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வு தொடர்ந்து இருத்தல்.
• இலேசான தலைச்சுற்றல்.

இவ்விரத்தக்கசிவு சில வேளைகளில் மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டியே தோன்றும். அதனை மாதவிலக்கு என்றே எண்ணிவிடுவதால், கர்ப்பம் உண்டாகியிருப்பதே தெரியாமல் போகிறது. வழக்கத்திற்கு மாறாகக் குறைவாகவோ, நாட்கணக்கில் நீண்டோ, வலியுடனோ இரத்தப்போக்கு இருந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குழாய் வெடித்ததைக் குறிக்கும் அறிகுறிகள்

• தாங்கவொண்ணாத வலி திடீரெனத் தோன்றி வயிறு முழுவதும் பரவுதல்
• வயிறு உப்புதல், தொட்டாலே வலித்தல்
• தோள்பட்டை நுனியில் வலி
• மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு
• கை கால்கள் சில்லிட்டுப்போதல், மனக்குழப்பம்

தோள்பட்டை வலிக்கும் கர்ப்பத்திற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். வயிற்றறைக்குள் தேங்கும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்திற்கும் தோளுக்கும் செல்லும் நரம்புகள் கழுத்துப் பகுதியில் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதால் அவ்வலி தோளில் உணரப்படுகிறது. படுத்திருக்கும்போது இது மிகுதியாகலாம். இதனை வாயுப்பிடிப்பு என்றோ, தசைப்பிடிப்பு என்றோ கருதித் தைலம் தேய்த்துக் காலத்தைக் கடத்துவது உயிருக்கு ஆபத்தானது.

வேறு நோய்களாகத் தவறாகக் கருதப்படும் நிலை

இதன் அறிகுறிகள் குடல்வால் அழற்சி, சிறுநீரகக் கல், சிறுநீர்த் தொற்று, சினைப்பைக் கட்டி, வயிற்றுப்போக்கு, தொடக்கநிலைக் கருச்சிதைவு ஆகியவற்றை ஒத்திருக்கும். எனவே அடிவயிற்று வலிக்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை அவர் கேட்பதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும். திருமணமாகாத பெண் என்பதற்காகவோ, குழந்தைப்பேறு முடிந்துவிட்டது என்பதற்காகவோ கர்ப்பப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. மருத்துவரிடம் கூறுபவை கமுக்கமாகக் காக்கப்படும்.

கருக்கலைப்பு மாத்திரைகள் குறித்த எச்சரிக்கை

மருத்துவரின் சீட்டின்றி, ஸ்கேன் செய்யாமல், மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரைகளை வாங்கி உட்கொள்ளக் கூடாது. இம்மாத்திரைகள் கருப்பைக்குள் உள்ள கர்ப்பத்தின் மீதே செயல்படும். குழாயில் உள்ள கர்ப்பத்தை அவை நீக்குவதில்லை. ஆயினும் மாத்திரைகளை உட்கொண்டபின் கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து இரத்தப்போக்கு ஏற்படும். கரு கலைந்துவிட்டது என்று அப்பெண் நம்பியிருக்க, கரு குழாயில் தொடர்ந்து வளரும். பின்னர் ஏற்படும் வலியும் மாத்திரையின் விளைவு என்றே கருதப்படும். கர்ப்பத்தைத் தொடர விரும்பாதவரும் முதலில் அரசு மருத்துவமனையை அணுகி, கரு எங்கே உள்ளது என்பதை அறிந்த பின்னரே சட்டப்படியான மருத்துவச் சேவையைப் பெற வேண்டும்.

கண்டறியும் முறைகள்

ஒரே பரிசோதனையில் முடிவு தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. பின்வரும் பரிசோதனைகள் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

சிறுநீர்ப் பரிசோதனை: கர்ப்பம் உள்ளதா என்பதை அறிய முதலில் செய்யப்படுகிறது.

ஸ்கேன்: வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேனைவிட, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் தொடக்க காலக் கர்ப்பத்தைத் தெளிவாகக் காட்டும். பொதுவாக 5 முதல் 6 வாரங்களில் கருப்பைக்குள் கர்ப்பப்பை நீர்க்குமிழ் தென்படத் தொடங்கும். கருப்பை வெறுமையாக இருப்பதும், அதற்கு அருகில் கட்டி போன்ற உருவம் தெரிவதும், வயிற்றறைக்குள் இரத்தம் தேங்கியிருப்பதும் இடம் மாறிய கர்ப்பத்தைச் சுட்டுகின்றன. இவ்வகை ஸ்கேன் சிறிது அசௌகரியமாக இருக்கலாம். அதனால் கருவுக்குத் தீங்கு நேராது.

பீட்டா எச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனை: கர்ப்ப காலத்தில் சுரக்கும் இயக்குநீரின் அளவை இது காட்டுகிறது. ஒருமுறை எடுத்த அளவைக்கொண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. 48 மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்து, அளவு எவ்வாறு மாறியுள்ளது என்பது ஒப்பிடப்படுகிறது. இயல்பான தொடக்க காலக் கர்ப்பத்தில் இவ்விடைவெளியில் அளவு பொதுவாக ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அல்லது அதற்கு மேல் உயரும். அதைவிட மெதுவாக உயர்வதோ, உயராமல் நிற்பதோ ஐயத்தைத் தரும்.

பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாகியும் ஸ்கேனில் கரு எங்கும் தென்படாத நிலை சிலருக்கு ஏற்படும். கர்ப்பம் மிகத் தொடக்க நிலையில் இருக்கலாம், கருச்சிதைவு ஆகியிருக்கலாம், அல்லது கரு இடம் மாறியிருக்கலாம். இந்நிலையில் மருத்துவர் “இரண்டு நாள் கழித்து மீண்டும் வாருங்கள்” என்று கூறினால், அக்குறிப்பிட்ட நாளில் தவறாமல் செல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்பதற்காக அச்சந்திப்பைத் தவிர்க்கக் கூடாது.

இவற்றுடன் இரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு ஆகியவையும் பார்க்கப்படும். இரத்த வகை ஆர்எச் நெகடிவ் எனில், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாப்பதற்காக ஆன்டி-டி ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்படின் இது பொதுவாக 72 மணி நேரத்திற்குள் செலுத்தப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

கருவின் இடம், அதன் அளவு, எச்.சி.ஜி. அளவு, குழாய் வெடித்துள்ளதா என்பது, பெண்ணின் பொது உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்துச் சிகிச்சை அமையும்.

1. கண்காணித்தல்
எச்.சி.ஜி. அளவு குறைவாக இருந்து, தானாகவே இறங்கிக்கொண்டும், பெண்ணுக்கு வலி இல்லாமலும் இருந்தால், சிலருக்குக் கர்ப்பம் தானே கரைந்துவிடும். அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்கு வர இயன்றவர்களுக்கும், மருத்துவமனைக்கு அருகில் தங்கியிருப்பவர்களுக்கும் மட்டுமே இது ஏற்றது.

2. மருந்துச் சிகிச்சை
குழாய் வெடிக்காமல், கர்ப்பம் சிறிய அளவில் இருக்கும்போது மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து ஊசியாகச் செலுத்தப்படுகிறது. விரைந்து பெருகும் செல்களின் வளர்ச்சியை இது நிறுத்துவதால் கர்ப்பத் திசு படிப்படியாகக் கரைகிறது. ஊசி போட்ட 4-ஆம் நாளிலும் 7-ஆம் நாளிலும் இரத்தப் பரிசோதனை செய்து, இவ்விரு நாட்களுக்கிடையே எச்.சி.ஜி. அளவு குறைந்தது 15 விழுக்காடு இறங்கியுள்ளதா என்று பார்க்கப்படும். அதன்பின் அளவு முற்றிலும் நீங்கும்வரை வாரந்தோறும் பரிசோதனை தொடரும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். சிலருக்கு இரண்டாவது ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும்.

இம்மருந்து பெறுவோர் கவனிக்க வேண்டியவை:

• ஃபோலிக் அமிலம் இம்மருந்தின் செயலைத் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழங்கப்பட்ட ஃபோலிக் அமில மாத்திரைகளையும், இரும்புச்சத்துடன் அது சேர்ந்த மாத்திரைகளையும் மருத்துவர் கூறும்வரை உட்கொள்ளக் கூடாது.
• வலி நிவாரண மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. எதை உட்கொள்ளலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
• மது அருந்துதல், தாம்பத்திய உறவு, கடினமான உடலுழைப்பு ஆகியவற்றை மருத்துவர் கூறும்வரை தவிர்க்க வேண்டும்.
• கடும் வெயிலில் நெடுநேரம் இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.
• பொதுவாக 3 மாதங்கள்வரை மீண்டும் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.
• ஊசி போட்ட சில நாட்களில் இலேசான வயிற்று வலி வரலாம். வலி கடுமையானாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். மருந்து செலுத்திய பின்னரும் குழாய் வெடிக்கும் வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

தாய்ப்பால் ஊட்டுவோருக்கும், கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளோருக்கும், கடும் இரத்தசோகை உள்ளோருக்கும் இம்மருந்து ஏற்றதன்று.

3. அறுவை சிகிச்சை
வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையிலோ, வயிற்றைத் திறந்தோ இது செய்யப்படுகிறது. பாதிக்கப்பட்ட குழாயை அகற்றுவது பொதுவான முறை. மறுபக்கக் குழாய் சேதமடைந்திருந்தால், இயன்றபோது குழாயைக் கீறிக் கர்ப்பத் திசுவை மட்டும் நீக்கிக் குழாயைத் தக்கவைப்பதும் உண்டு. அவ்வாறு தக்கவைக்கப்பட்டால் எஞ்சிய திசு எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்யத் தொடர்ந்து இரத்தப் பரிசோதனை தேவை. குழாய் வெடித்த நிலையில் வருவோருக்கு இரத்தம் செலுத்தி உடனடியாக அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

• 108-ஐ அழைத்து, “கர்ப்பிணி, வயிற்று வலி, மயக்கம்” என்று தெளிவாகக் கூறவும். கர்ப்பம் உறுதியாகவில்லை எனில் மாதவிலக்குத் தள்ளிப்போயிருப்பதைக் கூறவும்.
• நோயாளியைப் படுக்கவைக்கவும். எழுந்து நடக்கவோ, இருசக்கர வாகனத்தில் அமரவோ விடக்கூடாது.
• உணவு, தண்ணீர், கஷாயம், சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து செலுத்துவதற்கு வெறும் வயிறாக இருப்பது பாதுகாப்பானது.
• கடைசி மாதவிலக்குத் தேதி, இரத்த வகை, முந்தைய அறுவை சிகிச்சைகள், குடும்பநல அறுவை சிகிச்சை அல்லது காப்பர்-டி குறித்த விவரம், உட்கொண்ட மாத்திரைகள், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவக் குழுவிடம் தெரிவிக்கவும். கருக்கலைப்பு மாத்திரை உட்கொண்டிருந்தால் அதனை மறைக்கக் கூடாது.
• ஸ்கேன் அறிக்கைகளையும் பரிசோதனைச் சீட்டுகளையும் உடன் எடுத்துச் செல்லவும்.
• இரத்ததானம் செய்யக்கூடிய ஒருவர் உடன் செல்வது உதவியாக இருக்கும்.
• அறுவை சிகிச்சைக்கும் இரத்தம் செலுத்துவதற்கும் வசதியுள்ள மருத்துவமனையை நாடவும். தமிழ்நாட்டில் சீமாங் மையங்கள் எனப்படும் அவசரகால மகப்பேறு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

உறவினர் அனைவரும் வந்து சேரும்வரை காத்திருந்து முடிவெடுக்கும் வழக்கம் இங்கே பொருந்தாது. கசியும் இரத்தம் காத்திருப்பதில்லை. முதலில் மருத்துவமனைக்குப் புறப்பட்டு, செய்தியைப் பின்னர் தெரிவிக்கலாம்.

சிகிச்சைக்குப் பின்

லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ 2 வாரங்களிலும், வயிற்றைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 6 வாரங்களிலும் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம். இரத்த இழப்பால் ஏற்பட்ட இரத்தசோகைக்குச் சத்தான உணவும் மருத்துவர் பரிந்துரைக்கும் மாத்திரைகளும் தேவை. மாதவிலக்கு பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் திரும்பும்.

உடல் தேறிய பின்னரும் மனம் தேறக் காலம் ஆகலாம். குழந்தையை எதிர்பார்த்திருந்தவருக்கு இது ஓர் இழப்பு. அதே வேளையில் அவர் உயிராபத்திலிருந்தும் மீண்டு வந்திருக்கிறார். துயரம், அச்சம், குற்றவுணர்வு, தூக்கமின்மை ஆகியவை இயல்பானவை. கணவரும் இவ்வுணர்வுகளுக்கு ஆட்படலாம். “அடுத்தது எப்போது?” என்று உறவினர் விரைவுபடுத்தாமல் இருப்பதே பெரிய உதவி. துயரம் வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

அடிக்கடி எழும் வினாக்கள்

ஒரு குழாயை அகற்றிய பின் குழந்தை பிறக்குமா?
மற்றொரு குழாய் நலமாக இருந்தால் இயல்பாகக் கருத்தரிக்க இயலும். இடம் மாறிய கர்ப்பம் ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் பின்னர் இயல்பான கர்ப்பத்தை அடைகின்றனர். இரு குழாய்களும் இல்லாதவர்களுக்குச் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முறை உள்ளது.

அடுத்த கர்ப்பத்தில் என்ன செய்ய வேண்டும்?
மாதவிலக்குத் தள்ளிப்போனவுடன் பரிசோதனை செய்து, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ முன்னர் குழாய்க் கர்ப்பம் ஏற்பட்டதைத் தெரிவிக்க வேண்டும். வலி இல்லாவிடினும் 6 முதல் 7 வாரங்களுக்குள் ஸ்கேன் செய்து, கரு கருப்பைக்குள் உள்ளதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதனை முற்றிலும் தடுக்க இயலுமா?
முற்றிலும் தடுக்க இயலாது. வாய்ப்பைக் குறைக்க இயலும். பாலுறவு வழித் தொற்றுகளைத் தவிர்க்க ஆணுறை பயன்படுத்துதல், துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் இருந்தால் கணவன் மனைவி இருவரும் சிகிச்சை பெறுதல், காசநோய்க்கான சிகிச்சையை முழுமையாக முடித்தல், புகைப்பழக்கத்தைக் கைவிடுதல் ஆகியவை உதவும்.

கர்ப்பம் எனத் தெரிந்தது, வலி ஏதும் இல்லை, ஸ்கேன் தேவையா?
தேவை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது, முதல் மூன்று மாதங்களுக்குரிய ஸ்கேன் எப்போது செய்ய வேண்டும் என்பதைக் கேட்டறியவும். இடையில் வலியோ இரத்தக்கசிவோ தோன்றினால் அந்நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

• மாதவிலக்குத் தள்ளிப்போதல், அடிவயிற்று வலி, இரத்தக்கசிவு ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தாலும், அவற்றுள் வலி மட்டுமே இருந்தாலும் மருத்துவரை அணுகவும்.
• குடும்பநல அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் காப்பர்-டி பொருத்தியவர்களுக்கும் இது பொருந்தும்.
• கரு எங்கே உள்ளது என்பதை அறியாமல் கருக்கலைப்பு மாத்திரை உட்கொள்ளக் கூடாது.
• குழாய் வெடிப்பதற்கு முன் கண்டறிந்தால் மருந்தினாலேயே குணப்படுத்தும் வாய்ப்பு உண்டு.
• அவசரத்திற்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாக மாட்டா.